ஒன்றாம் நம்பர் மரம்

மரம் அறுக்கிற மெஷினுக்கும் மாவு அரைக்கிற மெஷினுக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு என்று அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாவு மெஷின் ஒரே சீராக ஓடும். மரம் அறுக்கிற மெஷின் விட்டு விட்டு உறுமும், மரத்துக்குள் இறங்கும்போது குரல் கம்மிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அக்கா செருப்புகூடப் போடமாட்டார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சத்தம் வந்த பக்கம் நடப்பார். ஓடமாட்டார். ஓடினால் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார்களாம். போய் நின்று முதலில் வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுவார். அப்புறம்தான் கேட்பார்.

"தம்பி, ஆர்டர் வச்சிருக்கியளா? காட்டுங்க, பாத்துட்டுத் தாரேன்."

அதனால் எங்கள் தெருவில் அவருக்கு ஆர்டர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்கு ஏதாவது வம்பு வருமோ என்று எனக்கு ஒரு எண்ணம். எனக்கு எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு எண்ணம் வரும்.

நான் எட்டாவதோடு நின்றவள். பாடியில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் காலர் தைத்து, கல்யாணமாகி நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். வீட்டில் ஒரு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "இவளுக்கு முழு நேர வேல பயப்படறது, தையல் பார்ட் டைம்" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பாராம்.

தெருவின் கடைசி வீடு எங்களுடையது. மேலே சிமெண்ட் ஷீட்டு. பக்கத்து வீடு அக்காவுடையது. அவர் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே மனை வாங்கி வந்தார்கள். குவார்ட்டர்ஸில் வீட்டைவிட மரம் அதிகம். இங்கே வந்து பார்த்தால் கல்லும் கம்பியும்தான். அப்போது குடிவந்த நாலைந்து குடும்பமும் சேர்ந்து வைத்த மரங்கள்தான் இந்தத் தெருவில் நின்றவை. அவர் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன வருஷமே போய்விட்டார். மகன் ஓசூரில். அக்கா மட்டும் இங்கே, மரங்களோடு.

நான் குடிவந்த வாரம் குடிதண்ணீர்க் குழாய் இழுக்க ஆள் வந்தது. வாசலில் புங்க மரத்தின் வேர் குறுக்கே வந்தது. அவன் கடப்பாரையை எடுத்ததும் அக்கா வந்து நின்றார். வெயில் எப்படி அடிக்கிறது பாருங்கள் என்றார். ஆர்டர் கேட்டார்.

"கொயா நோண்டறதுக்கு இன்னாக்கா ஆர்டரு?"

"குழாய்க்கு வேண்டாம் தம்பி. வேருக்கு வேணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வேருக்குக் கீழே கையை விட்டுத் தோண்டிக் குழாயை நுழைத்தான். போகும்போது என்னிடம், "இந்தம்மா பக்கத்துலயா ஊடு வாங்கிக்கீறே? நல்லா மாட்டுனே" என்றான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலில் திரைச்சீலைக்கு ஆணி அடித்தால்கூட வந்து கேட்பார்களோ என்று.

ஆணி விஷயத்தில் அவர் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குறடும் பிளாஸ்டிக் ஸ்டூலும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். மரத்தில் அடித்திருக்கும் போர்டுகளைக் கழற்றி ஆணியைப் பிடுங்குவார். வீடு வாடகைக்கு, மூலத்துக்கு மருந்து, டியூஷன். பிடுங்கின ஓட்டையில் விரலால் மஞ்சளைக் குழைத்து வைப்பார். ஒருநாள் டியூஷன் நடத்துகிறவர் வண்டியில் வந்து, யாரைக் கேட்டு என் போர்டை எடுத்தீர்கள் என்று சத்தம் போட்டார். அக்கா ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை.

"ஒங்க நெத்தியில ஒரு போர்டு அடிச்சுக்கிடட்டுமான்னு நான் கேட்டனா சார்?"

தெருவே சிரித்தது. ஆனால் மறுநாள் அதே போர்டை ஒரு நைலான் கயிற்றில் கட்டி, தன் வீட்டு கேட்டிலேயே மாட்டிவிட்டார் அக்கா. அந்த ஆள் தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

மழைக்கு முன்னால் கம்பியில் இடிக்கிற கிளையை வெட்ட கரெண்ட் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். அவர்கள் வேலையை அக்கா தடுத்ததில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து கூடவே நிற்பார். இந்தக் கிளை சரி, அது வேண்டாம், அது கம்பிக்கு எட்டாது என்று விரலால் காட்டுவார். "இந்தக்கா டீ குடுத்தா மரத்துக்கு ஆயுசு கெட்டி" என்று லைன்மேன் சொல்வார். எப்போது எது வெட்டினார்கள், யார் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அவர்களிடமே கையெழுத்தும் வாங்கி வைப்பார். சிரித்துக்கொண்டே போடுவார்கள்.

காகிதம் என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பொது இடத்து மரத்தை வீட்டுக்காரரும் வெட்ட முடியாது, காண்ட்ராக்டரும் வெட்ட முடியாது, மாவட்டத்துக்கு ஒரு பசுமைக் குழு இருக்கிறது, அது பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் வெட்டலாம் என்று எங்கேயோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். அதைத் தெருவில் எல்லோருக்கும் சொல்வார். காய்கறி வண்டிக்காரருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். எழுதினது இருந்தால் எவனும் மீற மாட்டான் என்பார். அவரைப் பார்க்கும்போது எனக்கும் அது உண்மை மாதிரித்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்தால் பயம் திரும்பி வந்துவிடும்.

என் பயம் என்னவென்றால், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரம். அதன் ஒரு பெரிய கை எங்கள் ஷீட்டுக்கு மேலே சாய்ந்திருந்தது. புயல் என்று டி.வி.யில் சொன்னால் போதும், அது எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுவேன். பிள்ளைகளைச் சுவர் ஓரம் படுக்க வைப்பேன். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

எதிரில் மூன்று மாடி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இதைப் புரிந்துகொண்டார். அவருக்குக் கார் உள்ளே போக மரம் இடைஞ்சல். ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். மரம் ஆபத்தாக இருக்கிறது, அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. உன் ஷீட்டு மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது, உன் பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன், ஒரு கையெழுத்துப் போடு என்றார். போட்டுவிட்டேன். அடுத்த மாதம் மழைநீர் வாய்க்கால் வேலை வருகிறது என்று தெருவில் பேச்சு வந்ததும் அக்கா ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். மரங்களை வெட்டாமல் வாய்க்கால் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதிலும் போட்டுவிட்டேன். யாரிடமும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை மனு நாளில் அக்கா கலெக்டர் ஆபீஸுக்குப் போனார். போய்விட்டு வந்தவர் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். அங்கே இருந்தவர், உங்கள் தெருக்காரர்களே வெட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே என்று இன்னொரு மனுவைக் காட்டினாராம். அதற்கு மேல் அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மெஷினில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"ஏட்டி, அந்த மரம் ஒனக்குப் பயமா இருக்கா?"

"ஆமாக்கா."

"பயம்னா எங்கிட்ட வந்து பயம்னு சொல்லணும். அவன்கிட்டப் போயி கையெழுத்தாச் சொல்லப்பிடாது."

அவ்வளவுதான். திட்டவில்லை. அந்த வாரமே முறைப்படி எழுதிக் கொடுத்து, ஆளை அழைத்துவந்து, என் கூரைக்கு மேலே இருந்த அந்தக் கையை மட்டும் எடுக்க வைத்தார். கிளை கயிற்றில் இறங்கும்போது மேலே பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்ப தூங்குவியா என்று கேட்டார். தூங்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதே மனு நாளில் ஒரு குமாஸ்தா நல்ல மனசோடு ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். மரங்கள் என்று பொதுவாக எழுதினால் காற்றோடு போய்விடும், எத்தனை மரம், என்ன மரம், யார் வீட்டு வாசல், சுற்றளவு எவ்வளவு என்று பட்டியலாகக் கொடுங்கள் என்று. அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமாக இது தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார். என் இஞ்ச் டேப்பைக் கேட்டு வந்தார். டேப் என் வீட்டில் இருந்ததால் அளவும் என் வீட்டு வாசலில் இருந்தே ஆரம்பித்தது.

ரெண்டு பேரும் மூன்று நாள் அளந்தோம். தூங்குமூஞ்சிக்கு டேப் பத்தவில்லை. சாக்பீஸால் குறி வைத்து ரெண்டு தடவையாக எடுத்தேன். பழக்க தோஷத்தில், "கையத் தூக்கு" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்ததில் அதுதான் பெரிய சிரிப்பு. புங்கன், வேம்பு, வாதாமரம், பூவரசு. மொத்தம் பத்தொன்பது.

பட்டியலில் நம்பர் இருந்தால் போதாது, மரத்திலும் இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். நாளைக்கு ஒன்று காணாமல் போனால் எது போயிற்று என்று காட்ட வேண்டுமே. அவர் கை நடுங்கும். அதனால் நான் எழுதினேன். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை பெயிண்ட். பட்டையைச் சுரண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, துணியில் மார்க் பண்ணுகிற மாதிரி முதலில் சாக்பீஸால் போட்டு, அதன் மேல் பிரஷ்ஷால் எழுதினேன். வாசலுக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி ஒன்று. பக்கத்துப் புங்கன் ரெண்டு. அப்படியே வரிசையாகத் தெருமுனை வரைக்கும். என் எழுத்து அழகாக இருக்கும், அதைச் சொல்லிக்கொள்ளலாம். ஸ்டாண்டில் இருந்து வந்த ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னாக்கா, மரத்துக்கெல்லாம் நம்பர் பிளேட்டு மாட்டிட்டே, எஃப்.சி. எப்போ?" என்றார்.

அந்த மூன்று நாளும் நான் கவலைப்படாத விஷயம் இல்லை. பெயிண்ட் மரத்துக்கு விஷமாகிவிடுமோ, கவுன்சிலர் கேட்பாரோ, ஸ்டூலில் இருந்து விழுந்து கை உடைந்தால் ஆர்டர் எடுத்த ஜாக்கெட் எல்லாம் என்ன ஆகும். எது நடக்கப்போகிறதோ அதைத் தவிர எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டேன்.

போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி, மனுவோடு சேர்த்துக் கொடுத்தார் அக்கா. ரசீது வாங்கிவந்து எனக்குக் காட்டினார்.

அது முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. குளியலறைக்கு வெளியே துணி அலசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. விட்டு விட்டு உறுமியது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை மாவு மெஷின்தான் ஓடும், மாவு மெஷின்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு போர்வையை முழுசாக அலசிப் பிழிந்தேன். அந்தப் போர்வை இன்னும் இருக்கிறது. அதைப் போர்த்திக்கொள்ள எனக்குப் பிடிப்பதில்லை.

வெளியே வந்தபோது தூங்குமூஞ்சியின் மேல்பாகம் முழுக்க ரோட்டில் கிடந்தது. லாரி ஒன்று, ஐந்தாறு ஆட்கள். தெருவின் அந்த முனையில் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் ரயில்வே லைன் பக்கத்துச் சந்து வழியாக, எங்கள் வீட்டு ஓரமாக உள்ளே வந்திருக்கிறார்கள். வந்ததும் கண்ணில் பட்டது வெள்ளையாக என் ஒன்றாம் நம்பர்.

அக்கா வெறுங்காலோடு நின்று ஒரு பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி நல்ல மாதிரிதான். கேட்டதும் பிளாஸ்டிக் கவரில் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாய்க்கால் வேலைக்காக ஒன்று முதல் ஏழு வரை எண்ணிடப்பட்ட மரங்களை அகற்றலாம் என்று சீலோடு இருந்தது. எங்கள் நகர் பெயரும் இருந்தது.

"தம்பி, இதுல மெயின் ரோடு வளைவுன்னுல்லா போட்டிருக்கு. இது உள் தெரு. அந்த ஏழு வேற. அதுக்குப் போன வாரந்தான் மஞ்சள்ல நம்பர் போட்டாவ, போய்ப் பாருங்க."

"நகர் இதானம்மா? ஒண்ணுலேர்ந்து ஏயி வரிக்கும் நம்பர் கீதா? கரீட்டா கீது."

"இது நாங்க போட்ட நம்பரு."

மேஸ்திரி அவரைப் பார்த்தார். கிண்டலாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"நீங்க ஏம்மா போட்டீங்கோ? வெட்ற மரத்துக்குத்தானே நம்பர் போடுவாங்கோ."

அக்கா பேப்பரை மடித்தார், திரும்ப விரித்தார். மரத்தில் நம்பர் போட்டால் அது போகப்போகிற மரம் என்று மரம் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனையோ ரோட்டில் அப்படி நம்பர் போட்ட மரங்களை நாங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். எழுதும்போது எங்கள் ரெண்டு பேருக்கும் அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

மேஸ்திரி போனில் யாரிடமோ பேசினார். பேசிவிட்டு, அரசாங்க மரத்தில் யார் எழுதினார்கள் என்று கேட்கிறார்கள், அது கேஸ் ஆகும் என்றார். நான் கையில் சோப்பு நுரையோடு கேட்டில் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாந்தான் எழுதுனேன்."

நான் கை நுரையை நைட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அக்கா ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. கவுன்சிலர் கோயம்பேட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அரை மணியில் வருகிறேன், நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள் என்றாராம். மேஸ்திரியின் போனில் இருந்த ஆள் நிறுத்த வேண்டாம் என்றான். பிறகு அக்கா செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். அவர் போய் ரெண்டாம் நம்பர் புங்கனில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவரை யாரும் தொடவில்லை. மெஷினை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பருக்குப் போனார்கள். அக்கா எழுந்து மூன்றுக்குப் போய் உட்கார்ந்தார். அவர்கள் ரெண்டுக்குத் திரும்பினார்கள். அவர் திரும்ப எழுந்தார். முட்டிவலிக்காரர். ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். ஒரு உடம்புதானே இருக்கிறது. மாடிகளில் இருந்து ஆட்கள் போனில் படம் எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூன்றில் உட்கார்ந்திருந்தபடியே அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீ ரெண்டுல போயி உக்காரு."

கேட்டில் இருந்து ரெண்டாம் நம்பருக்கு ஏழெட்டு அடி இருக்கும். நான் கேட்டைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். போலீஸ் வந்தா ஒன்னியும்தான் ஏத்துவாங்கோ, பசங்களுக்கு யாரு, என்றார். பிடித்ததால்தான் நின்றேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பிடி அப்படி ஒன்றும் இறுக்கமாக இல்லை. நடு ரோட்டில் நாலு அடி போய் நின்றுவிட்டேன். முன்னாலும் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. புங்கன் விழுந்தபோது காற்று வந்து என் முகத்தில் பட்டது.

கவுன்சிலர் பட்டு வேட்டியோடு வந்து நிறுத்தியபோது ஐந்து மரம் போய்விட்டது. அக்கா உட்கார்ந்திருந்த மூன்றாவதும் போயிற்று. அவர் எழுந்து நாலுக்குப் போன நேரத்தில் போயிற்று. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பா நென்ச்சுக்காதம்மா" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள் வந்தார்கள், எழுதினார்கள். குடியிருப்போர் தாங்களாகவே எண்ணிட்டதால் ஏற்பட்ட குழப்பம் என்று ஒரு பேப்பர் வந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. அக்கா அதை ரெண்டு தடவை படித்தார். எழுதினது சரிதானே, நாமதான போட்டோம் என்று சொல்லி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். மெயின் ரோடு வளைவில் இருந்த சரியான ஏழும் மறுவாரம் போய்விட்டன.

மிச்சம் பதினாலு மரத்திலும் என் நம்பர் இருந்தது. அதை அழிக்க வேண்டும் என்றார் அக்கா. பட்டையைச் சுரண்ட மனசில்லை. தின்னர் போட்டால் மரத்துக்கு ஆகாது. செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினோம், ஒரு மழையில் நம்பர் வெளியே வந்தது. கடைசியில் பிரவுன் பெயிண்ட் வாங்கிவந்து ஒவ்வொன்றாக மூடினோம். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அந்த ரெண்டு நாளும் அவர் என்னிடம், நீ ஏன் வந்து உட்காரவில்லை என்று கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். வாளியை நகர்த்து என்றார், பிரஷ் கொடு என்றார். அதைக் கேட்கவே இல்லை. மரம் போனதில் என் ஷீட்டு அனலாகக் கொதித்தது. ஒருநாள் தென்னங்கீற்று நாலு கட்டு கொண்டுவந்து இறக்கி, இதை மேலே போடு, பிள்ளைகள் வெந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அடுத்த வருஷம் முட்டி ரொம்ப மோசமாகி மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார்.

போன மாதம் ரெண்டு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். கூட ஒருவர் வெள்ளை பெயிண்ட் டின்னோடும் அச்சுத் தகட்டோடும் வந்தார். மரங்களைக் கணக்கெடுக்கிறோம் என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "காப்பாத்தத்தாம்மா. கணக்குல இருந்தா யாரும் சும்மா வெட்டிட்டுப் போக முடியாதில்ல" என்றாள் ஒரு பெண். நல்ல பெண். லெட்டரையும் காட்டினாள். பிரவுன் திட்டுக்குப் பக்கத்திலேயே அந்த ஆள் தகட்டை வைத்து ஒன்று என்று போட்டார். பழைய கணக்கில் அது ஆறாவது மரம்.

உள்ளே வந்து ஓசூருக்குப் போன் போட்டேன்.

"ஆர்டர் காட்டுனாவளா?" என்றார் அக்கா.

"காட்டுனாங்கக்கா. சீல் எல்லாம் கீது."

"அப்பம் சரி." பிறகு அவரே, "அன்னைக்கும் சீல் இருந்துச்சுல்லா."

"இன்னாக்கா பண்றது? போடவுடட்டுமா, வேணான்னு சொல்லட்டுமா?"

அங்கே குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைத்தார்கள். நான் அலோ அலோ என்றேன்.

"தெரியலட்டி" என்றார்.

நான் வெளியே வந்தபோது பன்னிரண்டு போட்டாகிவிட்டது. பதினாலு முடிந்ததும் அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, வேறு எங்கேயாவது மரம் இருக்கிறதாம்மா, கன்றாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வோம் என்றாள். எங்கள் குளியலறைக்குப் பின்னால், ரயில்வே பக்கத்துச் சந்தில், யாரும் வைக்காமல் தானாக முளைத்த புங்கன் ஒன்று என் தோள் உயரத்துக்கு நிற்கிறது.

"இல்லம்மா. அவ்ளோதான்" என்றேன்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பும்வரை நிம்மதியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. கணக்கிலேயே இல்லாத மரத்தை வெட்ட ஆர்டரே தேவையில்லையே. செருப்பைப் போட்டுக்கொண்டு முனை வரைக்கும் போனேன். வண்டி எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை.